தீக்கு தண்ணி மட்டும்தானா? வீக்னஸ் சார்ட்டும் நாஞ்சில் நாட்டு வர்மமும்

இன்னைக்கு எலிமென்டல் வீக்னஸ் பற்றிப் பேசலாம். எதிரி தீயா, தண்ணியால அடி. எதிரி தண்ணியா, கரண்ட் விடு. போன்ல கேம் விளையாடுற யாருக்கும் இதைப் புதுசா சொல்லித் தர வேண்டாம்.

கோடு எழுதுறவன் கண்ணால பார்த்தா இது ஒரு அட்டவணை, அவ்வளவுதான். 1996-ல் போக்கிமான் வந்தப்போ 15 டைப் இருந்தது, இப்போ 18. அதாவது 18-க்கு 18, மொத்தம் 324 கட்டம். ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு எண்: 2, 1, 0.5, இல்லன்னா 0. சாரிஸார்டுக்குத் தீ, பறத்தல்னு ரெண்டு டைப். அது மேல பாறையைப் போட்டா ரெண்டும் பெருகி நாலு மடங்கு அடி. மண் டைப் மேல கரண்ட் விட்டா பூஜ்யம். எர்த் ஆயிடும்ல! (சிரிப்பு)

2020-ல் வந்த கென்ஷின் இம்பாக்ட் இதுல ஒரு படி மேல போச்சு. அங்க வரிசை முக்கியம். எரியுற எதிரி மேல தண்ணி பட்டா 2 மடங்கு, நனைஞ்ச எதிரி மேல தீ பட்டா 1.5 மடங்கு. அதனால யாரை முதல்ல இறக்கணும்னு யோசிக்க வேண்டியிருக்கு. வெறும் சார்ட்டுன்னா, மனப்பாடம் ஆன அன்னைக்கே யோசிக்கிற வேலை முடிஞ்சுது.

சரி, நாம ஒரு கேம் பண்ணலாம்னு உட்கார்ந்தா முதல்ல ஞாபகம் வர்றது பஞ்சபூதம். அங்கதான் இடிக்குது. சீனாவோட ஐந்து மூலகக் கணக்குல ஒரு சுற்று இருக்கு: தண்ணி தீயை அணைக்கும், தீ உலோகத்தை உருக்கும், உலோகம் மரத்தை வெட்டும், மரம் மண்ணைப் பிளக்கும், மண் தண்ணியைத் தடுக்கும். அப்படியே கேமுக்குள்ள போடலாம். நம்ம பஞ்சபூதத்துல அப்படி ஒரு சண்டைச் சுற்று கிடையாது. ஆகாயத்தை எது ஜெயிக்கும்? அந்தக் கேள்விக்கே அங்க இடமில்லை. அஞ்சும் சேர்ந்துதான் உடம்பு.

ஆனா எங்க கன்னியாகுமரி மாவட்டத்துல இதுக்கு வேற ஒரு வழி இருக்கு: வர்மம். ‘இந்தியன்’ படம் பார்த்தவங்களுக்கு வர்மம்னா விரலால ஆளைச் சாய்க்கிறது. கல்குளம், விளவங்கோடு பக்கம் வந்தா, சுளுக்கு, எலும்பு முறிவுன்னு ஆசானைத் தேடிப் போறவங்கதான் அதிகம்.

கணக்கைக் கேளுங்க. மொத்தம் 108 வர்மம். ஒரு பகுப்புல படுவர்மம் 12, தொடுவர்மம் 96. இன்னொரு பகுப்புல வாத வர்மம் 64, பித்த வர்மம் 24, கப வர்மம் 6, உள் வர்மம் 6, தட்டு வர்மம் 8. சித்த மருத்துவத்துல வாதம் காத்தும் ஆகாயமும், பித்தம் தீ, கபம் மண்ணும் தண்ணியும். அப்போ அடி விழுற இடத்துக்கே எலிமென்ட் இருக்கு! வர்ம நூல்கள்ல, அடிபட்டா என்ன குறி தெரியும், எத்தனை நாழிகைக்குள்ள இளக்கணும்னு எல்லாம் வரும். ஒரு நாழிகைன்னா 24 நிமிஷம். கேம் பாஷையில இது டீபஃப், கூடவே டைமர்.

மருத்துவமா இது எவ்வளவு சரின்னு தீர்ப்பு சொல்ல நான் வரல. டிசைனா பாருங்க. போக்கிமான்ல வீக்னஸ் தெரிஞ்சா ஒரே ஒரு வேலைதான், அடிக்கிறது. இங்க அடிக்கிற அறிவும் எழுப்புற அறிவும் ஒண்ணு. இளக்குமுறை தெரியாதவன் கத்துக்கிட்டது பாதிதான்.

நாடியில வாதம் 1, பித்தம் 1/2, கபம் 1/4 மாத்திரைன்னு ஒரு அளவு சொல்வாங்க. அதை அப்படியே ஒரு மீட்டரா வச்சுப் பாருங்க. உங்க ஒவ்வொரு அடியும் எதிரியோட 4:2:1 அளவைக் கலைக்குது. தீ எதிரிக்கு மேலும் தீ கொடுத்தாலும் அவன் சாயலாம், ஏன்னா கூடினாலும் நோய், குறைஞ்சாலும் நோய். சாய்ஞ்சவனை நாழிகைக்குள்ள எழுப்பினா அவன் உங்க பக்கம் வரலாம். விட்டுட்டுப் போனா ஊர் உங்களை வேற மாதிரி பார்க்கும். இப்போ ஆடுறவன் ஒவ்வொரு சண்டையிலும் முடிவு எடுத்தே ஆகணும். மனப்பாடம் உதவாது.

அக்னி, வாயுன்னு பேரை மட்டும் மாத்தி அதே 324 கட்டத்தை ஒட்டினா அது நம்ம கேம் ஆகாது. விதி மாறணும். யாராவது இதை வச்சு ஒரு ப்ரோட்டோடைப் போட்டா சொல்லுங்க, முதல் ஆளா விளையாட நான் வரேன். அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.