அணு மின்சாரம்: அபாயத்தைச் சுமப்பது யார்?

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அணு மின்சாரத்தைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும், “இது படித்தவர்கள் விவகாரம், நமக்கென்ன?” என்று சிலர் நினைக்கக்கூடும். அப்படியல்ல. இரவு ஷிப்டில் ஸ்பிண்டில் சுற்றுவதும், வயலுக்குப் பம்புசெட் தண்ணீர் இறைப்பதும் மின்சாரத்தால்தான். அந்த மின்சாரம் எதிலிருந்து வருவது, என்ன விலைக்கு வருவது, அதனால் வரும் அபாயத்தை யார் சுமப்பது என்பவை நம் கூலியையும் நம் குடும்பத்தையும் தொடும் கேள்விகள்.

விஷயம் இதுதான். இந்தியாவில் அணு உலைகளின் மொத்த உற்பத்தித் திறன் 2025-ல் 9,000 மெகாவாட்டுக்கும் சற்றுக் குறைவு. நாட்டில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே அதிலிருந்து கிடைக்கிறது. இதை 2047-க்குள் 1,00,000 மெகாவாட்டாக உயர்த்தப் போவதாக மத்திய சர்க்கார் 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் அறிவித்தது. அதற்காகப் பழைய சட்டங்கள் இரண்டை நீக்கிவிட்டு, 2025 டிசம்பரில் பார்லிமெண்டில் ஒரு புதிய சட்டத்தை நிறைவேற்றியது. ‘சாந்தி’ என்று அதற்குப் பெயர். அதுவரை பொதுத்துறையின் கையில் இருந்த அணுமின் நிலையங்களை இனித் தனியார் கம்பெனிகளும் கட்டலாம், நடத்தலாம் என்கிறது அந்தச் சட்டம்.

இந்த விவாதத்தை நம் முன் எப்படி வைக்கிறார்கள்? “உனக்குக் கரண்ட் வேண்டுமா, வேண்டாமா?” என்று கேட்கிறார்கள். 2012-ஐ நினைத்துப் பாருங்கள். கோவை, திருப்பூர் வட்டாரங்களில் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு. சென்னைக்கு மட்டும் சலுகை. மெஷின் நின்றது, கூடவே கூலியும் நின்றது. அதே சமயத்தில் இடிந்தகரையில் மீனவ மக்கள் கூடங்குளம் அணு உலையை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்தார்கள். “அவர்கள் தடுப்பதால்தான் உன் வீட்டு அடுப்பு எரியவில்லை” என்று ஆலைத் தொழிலாளியிடம் சொன்னார்கள். 2012 செப்டம்பர் 10-ம் தேதி கடற்கரையில் கூடிய மக்கள்மீது தடியடியும் கண்ணீர்ப் புகையும் பாய்ந்தன. ஆயிரக்கணக்கானோர்மீது ராஜத்துரோக வழக்கு!

தோழர்களே, வேலைக்காக மின்சாரம் கேட்டது குற்றமா? இல்லை. குழந்தை குட்டிகளின் உயிருக்கு உத்தரவாதம் கேட்டது குற்றமா? அதுவும் இல்லை. இரண்டும் நியாயமான கோரிக்கைகள். ஒரு ஏழையின் நியாயத்தைக் கொண்டு இன்னொரு ஏழையின் வாயை அடைக்கும் வேலைக்கு நாம் துணை போகக் கூடாது.

அணு மின்சாரத்தை ஆதரிப்பவர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையல்ல. நிலக்கரியை எரித்தால் புகை வருகிறது, சாம்பல் குவிகிறது, உலகம் சூடேறுகிறது. மழை தவறினால் முதலில் பட்டினி கிடப்பவன் விவசாயத் தொழிலாளிதான். அணு உலை புகை கக்குவதில்லை. காற்று நின்றாலும், சூரியன் மறைந்தாலும் அது ஓடும். பிரான்ஸ் தேசத்தின் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அணுவிலிருந்து வருகிறது. 2023 டிசம்பரில் துபாயில் கூடிய உலக மாநாட்டில், 2050-க்குள் அணு மின்சாரத்தை மும்மடங்காக்குவோம் என்று இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் அறிவித்தன. அதே ஆண்டு ஏப்ரலில்தான் ஜெர்மனி தன் கடைசி மூன்று உலைகளையும் மூடியது. ஆக, உலகமே ஒரு பக்கம் நிற்கிறது என்று யாரும் சொல்ல முடியாது.

சரி, அணு உலை என்பது என்ன? ஆலையில் பாய்லரைப் பார்த்திருக்கிறீர்கள். நெருப்பு மூட்டி, தண்ணீரைக் கொதிக்க வைத்து, நீராவி எடுக்கிறோம். அணு உலையும் நீராவி உண்டாக்கும் சாதனம்தான். விறகும் கரியும் செய்யும் வேலையை அங்கே யுரேனியம் செய்கிறது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பாய்லரில் நெருப்பை அணைத்தால் அது தானே ஆறிவிடும். அணு உலையை நிறுத்தினாலும் உள்ளே இருக்கும் எரிபொருள் சூட்டைக் கிளப்பிக்கொண்டே இருக்கும். நிறுத்திய அந்தக் கணத்தில் முழுச் சூட்டில் நூற்றுக்கு ஆறேழு பங்கு மிஞ்சும். பிறகுதான் மெல்ல மெல்லக் குறையும். அதுவரை தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 2011 மார்ச் 11-ல் ஜப்பானின் புகுஷிமாவில் நடந்தது என்ன? பூகம்பம் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த உலைகள் ஒழுங்காக நின்றன. ஆனால் சுனாமி டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. தண்ணீர் இறைக்கும் பம்புகள் நின்றன. மூன்று உலைகளில் எரிபொருள் உருகியது. ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள்.

இத்தகைய விபத்து அடிக்கடி நடப்பதில்லை. உண்மைதான். ஆனால் நடந்தால் யார் கொடுப்பது? இதுதான் இன்று நாம் கேட்க வேண்டிய கேள்வி.

ஆலையில் மெஷினில் சிக்கிக் கை போனால், “நான் தப்பு செய்யவில்லை” என்று முதலாளி தப்பிக்க முடியாது. வேலையால் வந்த விபத்துக்கு வேலை கொடுத்தவன் பொறுப்பு என்பதை 1923-ல் வெள்ளைக்கார ஆட்சியில் வந்த நஷ்ட ஈட்டுச் சட்டமே ஏற்றுக்கொண்டது. 1984 டிசம்பரில் போபாலில் யூனியன் கார்பைடு விஷ வாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. 1989-ல் 47 கோடி டாலரோடு கணக்கை முடித்தார்கள். அந்தக் கம்பெனியின் தலைவர் இந்தியக் கோர்ட்டில் ஒரு நாளும் விசாரணைக்கு நிற்காமலே 2014-ல் இறந்து போனார். அங்கே கிடந்த 337 டன் விஷக் கழிவை அகற்றியது எப்போது தெரியுமா? 2025 ஜனவரியில்! நாற்பது வருஷம்!

அந்தப் பாடத்தின் பலனாகத்தான் 2010-ல் வந்த அணு விபத்துப் பொறுப்புச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்ந்தது. பழுதான சாமானையோ தரக்குறைவான வேலையையோ கொடுத்து அதனால் விபத்து நேர்ந்தால், சாமான் கொடுத்த கம்பெனியிடமிருந்து நிலையத்தை நடத்துபவர் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்றது அந்தப் பிரிவு. இது வெளிநாட்டு உலைக் கம்பெனிகளுக்குப் பிடிக்கவில்லை. பேரம் பல ஆண்டுகள் இழுபட்டதற்கு இதுவும் ஒரு காரணம். 2025-ன் புதிய சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலோ, கெடுக்கும் எண்ணத்தோடு யாரேனும் செய்திருந்தாலோதான் திரும்பக் கேட்க முடியும். நடத்துபவரின் பொறுப்புக்கும் எல்லை கட்டியிருக்கிறார்கள். மிகப் பெரிய உலைக்கே 3,000 கோடி ரூபாய்தான். அதற்கு மேல் சர்க்கார் கொடுக்குமாம். அதற்கும் ஓர் எல்லை உண்டு. சர்க்கார் பணம் என்றால் யார் பணம்? தீப்பெட்டி வாங்கும்போதும் வரி கட்டும் நம் பணம்.

புகுஷிமாவின் செலவு எவ்வளவு? 2016-ல் ஜப்பான் சர்க்கார் போட்ட கணக்கே 21.5 லட்சம் கோடி யென். நம் பணத்தில் பத்து லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். அதன் பக்கத்தில் இந்த 3,000 கோடியை வைத்துப் பாருங்கள். உலை பத்திரமானது என்று கம்பெனி மனதார நம்பினால், பொறுப்பேற்க ஏன் பயப்படுகிறது? பாய்லர் விற்பவன், “வெடிக்காது, ஆனால் வெடித்தால் என்னைக் கேட்காதே” என்றால் நாம் வாங்குவோமா?

அடுத்தது, விலையும் காலமும். 1980-க்குள் 8,000 மெகாவாட் என்று 1950-களில் ஹோமி பாபா கணக்கிட்டார். 1980-ல் இருந்தது சுமார் 600. 2000-க்குள் 10,000 என்றார்கள். 3,000 கூட வரவில்லை. 2020-க்குள் 20,000 என்றார்கள், 7,000-ஐ எட்டவில்லை. கல்பாக்கத்தில் 500 மெகாவாட் ஈனுலை 2004-ல் ஆரம்பமானது. 2010-ல் முடியும் என்றார்கள். 2024 மார்ச்சில்தான் உலையின் மையத்தை நிரப்பும் வேலையே தொடங்கிற்று. நம்மவர்களுக்குத் திறமை இல்லை என்று சொல்லவில்லை. அமெரிக்காவிலும் இதே கதைதான். தெற்குக் கரோலினாவில் இரண்டு உலைகளுக்குச் சுமார் 900 கோடி டாலர் செலவழித்துவிட்டு 2017-ல் பாதியிலேயே கைவிட்டார்கள். ஒரு யூனிட் மின்சாரம்கூடத் தராத உலைகளுக்கு அங்குள்ள ஜனங்கள் மின் கட்டணத்தில் பணம் கட்டினார்கள்.

உள்ளே வேலை செய்பவர்களையும் மறந்துவிடக் கூடாது. 2003 ஜனவரியில் கல்பாக்கம் மறுசுத்திகரிப்பு ஆலையில் ஒரு வால்வு பழுதாகி, ஆறு தொழிலாளர்கள்மீது வரம்பை மீறிய கதிர்வீச்சு பட்டது. வெளியுலகுக்கு அது தெரியவர மாதங்கள் ஆயின. பொதுத்துறையிலேயே இப்படி என்றால், காண்டிராக்டில் ஆள் எடுத்து நடத்தும் தனியார் நிலையத்தில் தொழிலாளியின் உடம்பில் ஏறிய கணக்கை யார் எழுதுவார்கள்? யார் காட்டுவார்கள்?

ஆகவே நாம் என்ன கேட்கிறோம்?

முதலாவது, லாபம் எடுப்பவர் முழு நஷ்டத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும். நடத்துபவரும், சாமான் கொடுத்தவரும், எல்லை இல்லாமல்.

இரண்டாவது, அணுமின் நிலையத்தில் உழைக்கும் ஒவ்வொருவரின் கதிர்வீச்சுக் கணக்கும், நிரந்தரத் தொழிலாளியானாலும் காண்டிராக்ட் தொழிலாளியானாலும், அவர் கையிலும் சங்கத்தின் கையிலும் இருக்க வேண்டும்.

மூன்றாவது, உலை வரும் ஊர் மக்களிடம் திட்டத்தையும் அபாயத்தையும் தமிழில், அந்தந்த ஊர் மொழியில், முன்கூட்டியே வைக்க வேண்டும். கேள்வி கேட்பவனை ராஜத்துரோகி என்று அழைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

நான்காவது, ஒரு யூனிட் என்ன விலை என்ற உண்மைக் கணக்கு வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் காற்று கூடங்குளத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அது ஆனி, ஆடியில் பொங்கும், பிறகு தணியும் என்பது மெய். அதைச் சேமித்து வைக்க ஆகும் செலவையும் அணு உலைக்கு ஆகும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டட்டும். பார்த்து முடிவு செய்வோம்.

விஞ்ஞானத்துக்கு நாம் விரோதிகள் அல்ல. மின்சாரம் வேண்டாம் என்பவர்களும் அல்ல. இருட்டில் உட்கார்ந்து கூலியை இழந்தவர்கள் நாம். நமக்கு மின்சாரம் வேண்டும். அதனாலேயே இந்தக் கேள்விகளை நாம் கேட்காமல் இருக்க முடியாது. ஆலை வாயிலிலும் களத்து மேட்டிலும் இவற்றைப் பேசுங்கள். கடற்கரைக் குப்பத்துத் தோழர்களையும் அழைத்து வைத்துப் பேசுங்கள்.