நடையும் பிடியும் சொல்லும் கணக்கு

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தோட்டத்தில் ஒருவருக்கு வயதாகிவிட்டது என்று முடிவு கட்டுவது எது? கிராணியார் புத்தகத்திலுள்ள பிறந்த தேதி. ஐம்பத்தெட்டு வயதிலும் மலைச்சரிவு நிறையை முடித்துவிட்டுக் காண்டாவோடு இறங்கி வருபவரைக் கண்டிருக்கிறோம். ஐம்பதிலேயே பெரட்டுக்கு வந்து சேருமுன் மூச்சு வாங்குபவரையும் கண்டிருக்கிறோம். தேதிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஆகவே வைத்தியர்கள் வேறு அளவுகோல் தேடினார்கள். அகப்பட்டது மிக எளிய சங்கதி: நடை.

65 வயதும் அதற்கு மேலும் ஆன 34,485 பேரின் நடை வேகத்தையும், பின்னர் அவர்கள் வாழ்ந்த காலத்தையும் ஒப்பிட்ட ஆராய்ச்சி 2011இல் அமெரிக்க வைத்திய சஞ்சிகையொன்றில் வெளியாயிற்று. விநாடிக்கு 0.8 மீட்டர் நடந்தவர்கள் ஏறத்தாழ தம் வயதினரின் நடுத்தர ஆயுளை எட்டினார்கள். 1 மீட்டரும் அதற்கு மேலும் நடந்தவர்கள் அதைத் தாண்டினார்கள். நான்கு மீட்டரை ஐந்து விநாடியில் கடந்தால் அதுவே 0.8. வழக்கமான நடையாக இருக்கவேண்டும். கடிகாரத்தைக் கண்டதும் திருவிழாப் பந்தயம்போல் பாய்கிறவர்களின் கணக்கு செல்லாது!

ஏன் நடை? ஓர் அடி எடுத்து வைக்க இருதயம், சுவாசம், நரம்பு, கண், மூட்டு, தசை யாவும் கூடி உழைக்கவேண்டும். ஒன்று தளர்ந்தாலும் நடை காட்டிக்கொடுத்துவிடும்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், ஊனம் ஏதுமில்லாத 71 வயதுக்கு மேற்பட்டோரைச் சிறிது தூரம் நடக்கவும், நிதானமாக நிற்கவும், கைகளை மார்பில் கட்டியபடி நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரவும் சொன்னார்கள். மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றவர்கள் நான்கு ஆண்டுகளில் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலையை அடைவது, நன்றாகச் செய்தவர்களைவிட நான்கு மடங்குக்கு மேல் இருந்ததாக 1995இல் எழுதினார்கள். (வீட்டில் செய்து பார்ப்போர் நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போடுக.)

கைப்பிடியும் பேசும். மலேசியா உள்ளிட்ட 17 நாடுகளில் 35 முதல் 70 வயது வரையுள்ளோரை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட கணக்கின்படி, பிடிபலம் 5 கிலோ குறையும்தோறும் மரண அபாயம் 16 சதவிகிதம் கூடுதலாக இருந்தது. இரத்த அழுத்தத்தைவிடப் பிடியே நன்றாக முன்கூட்டிச் சொல்லிற்று. ஆனால் பால்வெட்டுக் கத்தி பிடித்த கை கடைசிவரை இறுகியே இருக்கலாம், முழங்கால் எப்போதோ போயிருக்கும். ஆகவே நம்மவர்க்கு நடையும் நாற்காலியுமே பொருத்தம் என்பது எங்கள் அபிப்பிராயம். கிராணிமார்களும் சிரிக்கவேண்டாம்; நாள் முழுதும் உட்கார்ந்த கால் விரைவில் தளரும்.

இவையெல்லாம் கூட்டத்தின் சராசரியே தவிர, எந்தத் தனி மனிதருக்கும் தலையெழுத்து அல்ல. நடை மெலிந்தால் சாவுக்கு நாள் குறிக்கவேண்டாம். இரத்தசோகையா, சர்க்கரையா, கண்புரையா என்று அரசாங்கக் கிளினிக்கில் காரணம் கேட்க வேண்டும். பலவற்றுக்கு மருந்துண்டு. நாற்காலியில் எழுந்து உட்காருவதையே தினமும் பயிற்சியாகச் செய்தால் கால் வலுப்பெறும்.

இன்னொன்று. உழைக்க முடியாத நிலை வந்துவிட்டதென்றால், சொக்சோ இயலாமை ஓய்வூதியத்துக்கு 60 வயது நிறையுமுன் மனுச் செய்கிறவர்க்கே வழி எளிது. “இன்னும் கொஞ்சநாள் பார்ப்போம்” என்று வலியை மறைத்து அந்த வயதைத் தாண்டி வந்து நின்றவர்களை நாம் அறிவோம்.

கூட்டம் முடிந்ததும் மண்டப வாசலில் நான்கு மீட்டருக்குக் கோடு போட்டு அளக்கப்போகிறோம். அளவு எழுதிய சீட்டை அவரவரே வைத்துக்கொள்ளுங்கள். வைத்தியரிடம் காட்டுங்கள், தோட்ட ஆபீசில் கொடுக்கவேண்டாம்.