கேட்காமல் போட்ட வரியை 1429-லேயே மறுத்தவர்கள் நாம்!

(சமயபுரத்தில் நடந்த விவசாயிகள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கிற இந்த சமயபுரம் கண்ணனூர், 13-ஆம் நூற்றாண்டில் ஹொய்சள ராஜாக்களுக்குத் தலைநகராக இருந்த ஊர். ராஜாவும் போயாச்சு, அரண்மனையும் போயாச்சு. ஆனால் வயலும் வாய்க்காலும் இருக்கு, நாமும் இருக்கோம். அதனால் இன்னைக்கு ராஜா கதை கொஞ்சம் பேசுவோம்.

இங்கிலாந்தில் 1603-இல் முதலாம் ஜேம்ஸ் பட்டத்துக்கு வந்தார். "ராஜா கடவுளுக்குத்தான் பதில் சொல்லணும், ஜனங்களுக்கு இல்லை" என்பது அவர் கட்சி. 1625-இல் வந்த மகன் சார்லஸும் அதே ரகம். சண்டைக்குப் பணம் வேணும். பார்லிமென்டைக் கேட்டால் அவர்கள் திருப்பிக் கேள்வி கேட்கிறார்கள். 1628-இல் "பார்லிமென்ட் சம்மதம் இல்லாமல் வரி கிடையாது" என்று எழுதி, ராஜாவையே ஒத்துக்கொள்ள வைத்தார்கள். அடுத்த வருஷமே, 1629-இல், சார்லஸ் சபையைக் கலைத்தார். பிறகு 11 வருஷம் சபையே கூடவில்லை.

சபை இல்லை என்றால் வரி நிற்குமா? நிற்காது! கப்பல் கட்டக் கடலோர ஊர்களில் வாங்குகிற பணத்தை 1635-இல் கடலையே பார்க்காத உள்நாட்டு ஊர்களுக்கும் போட்டார். ஜான் ஹாம்டன் என்கிற நிலக்காரர் 20 ஷில்லிங் கட்ட மறுத்தார். பணக்காரர்தான், கட்ட முடியாமல் இல்லை. கேட்காமல் போட்டதைக் கட்ட மாட்டேன் என்றார். வழக்கு நடந்தது. 12 நீதிபதிகளில் 7 பேர் ராஜா பக்கம், 5 பேர் எதிர்ப்பக்கம். ராஜா ஜெயித்தார். ஆனால் அந்த 5 பேர் சொன்னது ஊரெல்லாம் பரவி, வரி வசூல் படுத்துவிட்டது. 1640-இல் வேறு வழியில்லாமல் சபையைக் கூட்டினார். 1641-இல் அந்த வரியே சட்ட விரோதம் ஆனது. 1642-இல் உள்நாட்டுப் போர். 1649-இல் ராஜாவின் தலையே போனது.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தப் பார்லிமென்டில் இருந்தவர்கள் நிலக்காரர்களும் வியாபாரிகளும்தான். நம்மைப் போன்ற சிறு குடியானவருக்கும் குத்தகைக்காரருக்கும் பெரும்பாலும் ஓட்டே கிடையாது.

நம்ம ஊரில் நடந்ததைக் கேளுங்க!

சார்லஸ் சபையைக் கலைத்ததற்குச் சரியாக 200 வருஷம் முன்னாடி, 1429. விஜயநகர ராஜா இரண்டாம் தேவராயர் காலம். அரசு அதிகாரிகளும், ஜீவிதம் வாங்கியவர்களும், பெரிய காணியாளர்களும் சேர்ந்து வரிக்கு மேல் வரி போட்டுக் குடியானவனைக் கசக்கினார்கள். நமக்கு வடக்கே, பழைய திருச்சி மாவட்டத்தில், இன்றைய பெரம்பலூர் மாவட்டத்தில், ஆடுதுறை இருக்கு. (தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கிற ஆடுதுறை வேறு.) அந்தக் கோயில் கல்வெட்டும், மாயவரம் பக்கத்துக் கொறுக்கைக் கல்வெட்டும் நம்ம ஆட்கள் செய்ததைச் சொல்கின்றன.

வலங்கை 98, இடங்கை 98 என்று பிரிந்து தங்களுக்குள் சண்டை போட்டவர்கள் ஒன்றாகக் கூடினார்கள். எந்த நிலத்துக்கு, எந்தத் தொழிலுக்கு எவ்வளவு வரி என்று அவர்களே நிர்ணயம் செய்தார்கள். கசக்குகிறவனுக்கு இடம் கொடுக்கக் கூடாது, அவனுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். அதைக் கல்லிலும் வெட்டி வைத்தார்கள்! படைபலம் இல்லாதவனுக்குப் பெரிய ஆயுதம் இதுதான். கணக்கு எழுதுகிற கை நின்றால் வசூல் எப்படி நடக்கும்?

இன்று ராஜா இல்லை. ஆனால் கேட்காமல் செய்கிற பழக்கம் போகவில்லை. 2020 ஜூனில் வேளாண் சட்டங்கள் அவசரச் சட்டமாக வந்தன. செப்டம்பர் 20-இல் மாநிலங்களவையில், ஓட்டெடுப்பு கேட்டும் நடத்தாமல், குரல் ஓட்டிலேயே நிறைவேற்றினார்கள். அதை எதிர்த்துத் தீர்மானம் போட நாம் காத்திருந்த அக்டோபர் 2 கிராம சபை, கொரோனாவைச் சொல்லி, முதல் நாள் இரவு ரத்தானது. டெல்லி எல்லையில் ஒரு வருஷம் உட்கார்ந்த பிறகுதான், 2021 நவம்பரில், அந்தச் சட்டங்கள் வாபஸ் ஆயின.

ஊராட்சியும் அப்படித்தான். 2016 அக்டோபரிலிருந்து 2019 கடைசி வரை நம் மாவட்டத்தில் தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை, தனி அலுவலர் ஆட்சி. 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்ததும் மறுபடியும் தனி அலுவலர். ஆனால் ஒன்று தெரிஞ்சுக்குங்க. தலைவர் பதவி காலியாகலாம், கிராம சபை காலியாகாது! வாக்காளர் பட்டியலில் பேர் உள்ள அத்தனை பேரும் அதன் உறுப்பினர்கள். நம்மை யாரும் கலைக்க முடியாது.

நம்ம பக்கத்துக் குறையையும் பேசணும். ஒரு ஊரில் பார்த்தோம். மரத்தடியில் முப்பது பேர். கையெழுத்து நோட்டு மட்டும் வீடு வீடாகப் போய் வந்தது. என்ன தீர்மானம் என்று படிக்காமலே கையெழுத்து போட்டார்கள். 1429-இல் கணக்கு எழுத மாட்டோம் என்று நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். வெற்றுத் தாளில் கையெழுத்து போடலாமா?

ஆகவே சங்கம் கேட்பது இதுதான்:

• 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர், 10,000 பேர் வரை என்றால் 200 பேர் வந்தால்தான் சபை செல்லும். எண்ணிக்கை குறையாமல் வாங்க. பெண்களும் குத்தகைதாரர்களும் கூலித் தொழிலாளர்களும் வரணும்.
• தீர்மானத்தை உரக்கப் படிக்கச் சொல்லுங்க. படித்த பிறகுதான் கையெழுத்து.
• நம்ம நிலம், வாய்க்கால், வரி எதில் கை வைத்தாலும் முதலில் சபையில் கேட்கணும் என்று ஒவ்வொரு ஊரிலும் தீர்மானம் போடுவோம். நகலைக் கையோடு வாங்குவோம்.

வலங்கையும் இடங்கையும் ஒன்றானது மாதிரி, மேட்டுக்காட்டுக்காரரும் வாய்க்கால் பாசனக்காரரும், சாதியும் கட்சியும் பார்க்காமல் ஒன்றாக உட்காருவோம். அவர்கள் கல்லில் வெட்டினார்கள். நாம் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோம்.

கேட்காமல் போட்டதை ஏற்க மாட்டோம்!
கிராம சபையில் கூடுவோம்! உரிமையை மீட்போம்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!