அரியலூர் ரயிலில் போனவர்: ஒரு முன்னோரின் விபத்து மரணத்தை ஆவணங்களில் தேடுதல்

1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் வெள்ளிக்கிழமை விடியற்காலையில், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்றுகொண்டிருந்த எக்ஸ்பிரஸ் ரயில், அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே மருதையாற்றுப் பாலத்தருகில், வெள்ளம் கரையை அரித்திருந்த இடத்தில் கவிழ்ந்தது. எஞ்சினும் அதை அடுத்த பெட்டிகளும் ஆற்றுக்குள் விழ, ஏறத்தாழ 150 பேர் உயிரிழந்தனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகியதும், துணை அமைச்சர் ஓ.வி. அழகேசனைக் குறிவைத்து 1957 தேர்தலில் தி.மு.க. செய்த பிரச்சாரமும் அரசியல் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டன. பதவி விலகியவரின் பெயரைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அந்த ரயிலில் இறந்தவர்களோ வெறும் எண்ணிக்கையாகவே நின்றுவிட்டனர். ‘பாட்டனார் அரியலூர் ரயிலில் போனவர்’ என்ற ஒற்றைப் பேச்சை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தேடத் தொடங்கும் பேரனோ பேத்தியோ, அந்த எண்ணிக்கைக்குள் ஒரு பெயரைக் கண்டெடுக்க வேண்டியிருக்கிறது.

அத்தேடலின் முதல் ஆவணம் வீட்டிலேயே இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆண்டுதோறும் திவசம் கொடுக்கும் குடும்பங்கள் இறந்தவரின் மாதம், பட்சம், திதி ஆகியவற்றைத் தலைமுறைகள் கடந்தும் நினைவில் வைத்திருக்கின்றன. பட்சம் என்பது நிலவு வளரும் அல்லது தேயும் பாதி மாதம், திதி என்பது அதற்குள் அமையும் நாட்கணக்கு. 1956-57ஆம் ஆண்டு தமிழ் முறையில் துன்முகி. அறுபதாண்டுச் சுழற்சியில் அதற்கு முந்திய துன்முகி 1896-97இலும் பிந்தியது 2016-17இலும் வந்தமையால், துன்முகியில் இறந்தவர் என்று பெரியவர்கள் சொன்னால் ஆண்டைப் பற்றிக் குழப்பம் எழ வழியில்லை. அவ்வாண்டு நவம்பர் 18 பௌர்ணமி. ஆகவே 23ஆம் நாள் தேய்பிறையைச் சேர்ந்தது. குடும்பம் கார்த்திகை வளர்பிறையில் திவசம் கொடுத்துவருமானால், அவர் அன்று ஆற்றில் இறந்திருக்க முடியாது. காயத்தோடு மீட்கப்பட்டுப் பின்னர் மருத்துவமனையில் இறந்திருக்கலாம், அல்லது வேறொரு விபத்தே காலப்போக்கில் புகழ்பெற்ற விபத்தின் பெயரை ஏற்றுக்கொண்டிருக்கலாம். பிந்தியது குடும்ப வரலாறுகளில் அரிதன்று.

செய்தித்தாள் அடுத்த படி. விபத்து விடியற்காலையில் நேர்ந்ததால் காலை நாளிதழ்களில் அது 24ஆம் தேதி முதல்தான் இடம்பெற முடியும் என்பதையும், முதல் நாள் அச்சான எண்ணிக்கை அவசரத்தில் கிடைத்த தகவலே என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். அரியலூர் விபத்தில் இறந்தோர் 142 என்று எழுதியவர்களும் உண்டு, 150ஐத் தாண்டிய எண்ணைத் தந்தவர்களும் உண்டு. ஆற்று வெள்ளத்தில் நிகழ்ந்த விபத்தில் உடல்கள் பல நாட்களுக்குப் பிறகும் கிடைக்கக்கூடும் என்பதால், இத்தகைய வேறுபாட்டைப் பொய் என்று தள்ளாமல், எந்த நாளில் எடுத்த கணக்கு என்று கேட்பதே முறை. இதனால் இரண்டு நாள் இதழ்களைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளாமல், டிசம்பர் வரையிலும் இதழ்களைப் புரட்ட வேண்டும். தி இந்து, சுதேசமித்திரன், தினமணி, தினத்தந்தி ஆகியவை அன்று வெளிவந்துகொண்டிருந்தன. 1942இல் மதுரையில் தொடங்கப்பட்ட தினத்தந்தி போன்ற இதழ்களின் வெளியூர்ப் பதிப்புகளில், சென்னைப் பதிப்பு விட்டுவிட்ட ஊர்ப்பெயர்கள் இருக்க இடமுண்டு. சென்னை எழும்பூரில் 1896 முதல் இயங்கும் கன்னிமாரா நூலகத்திலும், தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் விசாரித்துத் தொடங்கலாம். பழைய தாள்கள் பல இடங்களில் நுண்படச் சுருளாக, அதாவது பக்கங்களைச் சிறிதாக்கிப் படம்பிடித்த பிலிமாக, வைக்கப்பட்டிருக்கும்.

எனினும் செய்தித்தாள் எல்லோரையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. அதிகாரியோ வணிகரோ இறந்தால் பெயரும் ஊரும் அச்சாகும். முன்பதிவில்லாத மூன்றாம் வகுப்புச் சீட்டில் பயணியின் பெயரே இராது என்பதால், உறவினர் வந்து அடையாளம் காட்டாதவரை அப்பயணி ‘சுமார் 40 வயது ஆண்’ என்ற அளவிலேயே நின்றுவிடுவார். பெயர் காணப்படவில்லை என்பது அவர் அந்த ரயிலில் இல்லை என்பதற்குச் சான்றாகாது. பெயர் காணப்பட்டாலும் தலைப்பெழுத்து மாறியிருக்கும், வயது ஐந்தின் அல்லது பத்தின் மடங்காக முழுமையாக்கப்பட்டிருக்கும், ஆங்கிலத் தாளில் ஊர்ப்பெயர் உருத்தெரியாமல் சிதைந்திருக்கும்.

செய்தியின் உண்மையான பயன், எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவது என்று காட்டுவதில் இருக்கிறது. பிரிட்டனில் முன்னோரைத் தேடுவோருக்காக எழுதப்பட்ட கையேடுகள், ‘கரோனர்’ எனப்படும் மரண விசாரணை அதிகாரியின் ஏடுகளைப் பார்க்கச் சொல்கின்றன. சென்னை நகரில் இருந்த கரோனர் பதவி 1889ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டுவிட்டதால், அவ்வறிவுரை இங்கே பயன்படாது. இயற்கைக்கு மாறான மரணம் நேர்ந்தால் காவல் அதிகாரி இடத்துக்குச் சென்று, அக்கம்பக்கத்தில் உள்ள மதிப்புக்குரிய இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் முன்னிலையில் உடலைப் பார்த்து, காயங்களையும் மரணத்துக்கான வெளிப்படையான காரணத்தையும் எழுதிக் கையொப்பம் பெற வேண்டும் என்று 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174ஆம் பிரிவில் விதித்தது. பிரேத விசாரணை எனப்படும் இது, மருத்துவர் உடலை அறுத்துப் பார்க்கும் பிரேதப் பரிசோதனையிலிருந்து வேறானது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதே எண்ணில் நீடித்த இவ்விதி, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவாக இருக்கிறது. ரயில் விபத்தாயின் ரயில்வே காவல் நிலையத்தையே முதலில் கேட்க வேண்டும். ஆனால் இவ்வகைக் கோப்புகள் குறித்த காலத்துக்குப் பின் அழிக்கப்படுபவை, கிடைத்தால் நல்லூழ்.

அழியாமல் இருக்க வாய்ப்பு மிகுந்தது இறப்புப் பதிவேடு. தேடுவோர் பெரும்பாலும் சறுக்கும் இடமும் இதுவே. மரணம் பதிவாவது இறந்தவர் வாழ்ந்த ஊரில் அன்று, மரணம் நிகழ்ந்த ஊரில். கோவில்பட்டிக்காரர் மருதையாற்றில் இறந்திருந்தால் கோவில்பட்டிப் பதிவேட்டில் அவரைத் தேடுவது வீண். திருச்சி மருத்துவமனையில் இறந்திருந்தால் திருச்சி நகராட்சியின் ஏட்டைப் பார்க்க வேண்டும். கிராமங்களில் அன்று இப்பதிவேட்டை எழுதிவந்தவர் கிராம முன்சீப்; அப்பதவி 1980இல் ஒழிக்கப்பட்டுக் கிராம நிர்வாக அலுவலர் பதவி வந்தது. மாவட்ட எல்லையும் நிலையாக இருக்கவில்லை. 1956இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்த அரியலூர், 1995இல் பெரம்பலூர் மாவட்டத்துக்குச் சென்று, 2001இல் தனி மாவட்டமாகி, 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு இணைக்கப்பட்டு, 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. விபத்து நடந்த அதே தேதி என்பது தற்செயலே. ஆனால் ஏடுகள் எந்த அலுவலகத்தில் தங்கின என்ற கேள்வி இம்மாற்றங்களால் மூன்று ஊர்களுக்கு நீள்கிறது.

பதிவு கிடைத்தாலும் ஒரு தடை உண்டு. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 17ஆம் பிரிவில், பதிவேட்டைத் தேடச் செய்து நகல் பெறும் உரிமையை எவருக்கும் தருகிறது. ஆனால் இறப்புக்கான காரணத்தை அந்நகலில் காட்டக் கூடாது என்றும் விதிக்கிறது. நாளையும் இடத்தையும் சான்றிதழ் உறுதிசெய்யும். விபத்து என்பதை வேறோர் ஆவணம்தான் சொல்ல வேண்டும். அங்கே உதவக்கூடியது நட்டஈட்டுக் கோப்பு. பயணியர் ரயில் விபத்தில் இறந்தால் ரயில்வே நட்டஈடு தரவேண்டும் என்ற பொறுப்பு, 1890ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தில் 1943இல் சேர்க்கப்பட்ட 82ஏ பிரிவால் ஏற்பட்டது. நட்டஈடு கேட்கும் விதவையோ மகனோ தம் உறவை நிறுவியாக வேண்டும் என்பதால், செய்தித்தாள் தவறவிட்ட பெயரும் தகப்பன் பெயரும் ஊரும் அத்தகைய மனுவில் முழுமையாக இருக்க வாய்ப்புண்டு. அதன் நகலோ உத்தரவோ வீட்டு டிரங்குப் பெட்டியில் பழைய பத்திரங்களுக்கிடையே கிடக்கவும் கூடும்.

அலுவலகங்கள் கைவிரித்தால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை நாடலாம். இருபது ஆண்டுகளுக்கு முந்திய நிகழ்வுகளுக்கு, சட்டம் அனுமதிக்கும் விலக்குகளில் பெரும்பாலானவை பொருந்துவதில்லை என்று அதன் 8(3) பிரிவு கூறுகிறது. அவ்வாறு மனு எழுதுவோர், இறந்தவரின் சொந்த ஊரை மட்டும் எழுதி நிறுத்தாமல், மரணம் நிகழ்ந்த இடத்தையும், அந்நாளில் அவ்விடம் இருந்த மாவட்டத்தின் பெயரையும், ஆங்கிலத் தேதியையும் முதல் வரியிலேயே குறிப்பிட வேண்டும்.