முதல்ல எறும்பு சாகக்கூடாது

2011 கூகுள் ஏஐ சேலஞ்சை எடுத்துக்குங்க. உங்க பாட் ஒரு எறும்புக் கூட்டத்தை நடத்தணும். ஒரே கட்டத்துக்குள்ள ரெண்டு எறும்பு நுழைஞ்சா, ரெண்டும் நம்மளோடதா இருந்தாலும் செத்துடும். அதனால சண்டை வியூகமெல்லாம் அப்புறம். எந்தக் கட்டத்துக்கு யார் போறாங்கன்னு முதல்ல குறிச்சு வைங்க. இடம் பிடிச்சாச்சுன்னா அடுத்த எறும்பு வேற பக்கம் போகட்டும்.

அடுத்தது இரை. எறும்பு ஒவ்வொண்ணும் தானா தேடினா, ஒரே பருக்கைக்குப் பத்து ஓடும். தலைகீழா யோசிங்க: இரையிலிருந்து பிஎஃப்எஸ் ஓட்டி, முதல்ல தட்டுப்படுற எறும்பை மட்டும் அனுப்புங்க. நேர்க்கோட்டுத் தூரத்தை நம்பாதீங்க, நடுவுல தண்ணி இருக்கும். மீதி எறும்புங்க பார்க்காத இடத்தைப் பார்க்கட்டும். இரை சேர்ந்தாதான் புத்துலேர்ந்து புது எறும்பு வரும். எதிரி புத்தைப் பிடிக்க அந்தப் படை வேணும்.

அப்புறம் கடிகாரம். நேரத்துக்குள்ள பதில் வரலைன்னா, எவ்வளவு புத்திசாலி பாட்டும் அதோட அவுட்.