ஈரலில் சேரும் இரும்பு



பிள்ளை வெளிறிப்போனால் முருங்கைக்கீரையும் இரும்பு டானிக்கும் தேடுவது நம் இல்லங்களின் வழக்கம். பெரும்பாலான சோகைக்கு அது தக்க வழியே. ஆயின் தலசீமியா என்னும் பரம்பரை இரத்த நோயில் அது தீங்காய் முடியலாம். அங்கே அபாயம் இரும்பு குறைவதிலன்று, மிகுவதிலேயே உள்ளது.

'தலசா' என்றால் கிரேக்க மொழியில் கடல். மத்தியதரைக் கடலோர மக்களுக்கே உரிய நோய் என்று ஒரு காலத்தில் கருதியதால் வந்த பெயர் இது. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவன் சொல்கிறேன், பெயரை நம்பிப் பொருளை முடிவு செய்தல் ஆகாது. மும்பையில், பிரிவினைக்குப் பின் செம்பூர் முதலிய இடங்களில் குடியேறிய சிந்தி மக்களிடையே இந்நோய் மிகுதி. அதனால் மாட்டுங்காவிலும் தாராவியிலும் வாழும் நம்மவர்க்கு இது வாராது என்றிருந்துவிடலாமா? இதற்கு உறவான அரிவாள் செல் நோய் இந்தியாவில் முதன்முதல் 1952-இல் கண்டறியப்பட்டது நம் நீலகிரி மலைவாழ் மக்களிடையேதான்.

கடுந் தலசீமியா உள்ள குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றவேண்டும். ஒரு பை இரத்தத்தில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு உண்டு. உடலோ நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராமுக்கு மேல் வெளியேற்ற அறியாது. எஞ்சியது முதலில் ஈரலில் தங்குகிறது. நாளடைவில் ஈரல் தழும்பேறி இறுகுகிறது. வலி இல்லை, பிள்ளை பள்ளிக்குச் சென்று வருகிறான். பெற்றோர் மருந்தில் தளர்வது இந்தக் காலத்தில்தான். உடல் பருத்து ஈரலில் கொழுப்பும் படிந்தால் சேதம் விரைவுபடும். ஏற்றிய இரத்தத்தின் வழியே ஈரல் அழற்சிக் கிருமி புகுவதும் உண்டு. சி வகைக் கிருமி அடையாளம் காணப்பட்டதே 1989-இல்; அதற்கு முன் இரத்தம் பெற்றோர்க்குப் பாதுகாப்பு ஏது?

இரும்பை அகற்ற, முன்பு இரவில் எட்டு மணி நேரத்துக்கு மேலாகத் தோலடியில் ஊசி வழியே மருந்து செலுத்த வேண்டியிருந்தது. மும்பையின் சிப்லா நிறுவனம் 1990-களின் நடுவில் கெல்ஃபர் என்னும் விழுங்கும் மருந்தை அளித்தது. அதே மருந்துக்கு ஐரோப்பா 1999-லும் அமெரிக்கா 2011-லுமே அனுமதி தந்தன. இன்று வேறு மாத்திரைகளும் உண்டு. கெல்ஃபர் உண்பவருக்குக் காய்ச்சலோ தொண்டைவலியோ கண்டால், அதை நிறுத்தி அன்றே டாக்டரிடம் செல்லவேண்டும், வெள்ளணுக்கள் குறைந்திருக்கக்கூடும்.

தாராவியை அடுத்த சயன் மருத்துவமனையில் தலசீமியாக் குழந்தைகளுக்குச் சிகிச்சை உண்டு. இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனையை எப்போது செய்வது என்று அங்கே கேளுங்கள். சோகை தீராத பிள்ளைக்கு அடுத்த டானிக் புட்டியை வாங்குமுன், ஹீமோகுளோபின் ஏ2 சோதனையும் தேவையா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.