ஹந்தானை மலையில் கற்ற பாடம்



பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பயிலும் நாங்கள், சுதேசச் செடிகளை அறிந்துவர ஹந்தானை மலைக்குச் சென்ற கதையைக் கூறும்படி செயலாளர் பணித்தார். அட்டை கடித்த கதையை விட்டுவிடுகிறேன். அது எல்லோருக்கும் தெரிந்ததே.

நான் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். மலைச் செடியைப் பற்றி எனக்கு யார் சொல்லித்தர வேண்டும் என்ற இறுமாப்போடுதான் ஏறினேன். பைனஸ் மரங்களிடையே நின்று, "இயற்கை வனம்" என்று குறிப்பேட்டில் எழுதினேன். விரிவுரையாளர் பார்த்துச் சிரித்தார். "தம்பி, காலடியைப் பாரும்" என்றார். உதிர்ந்த ஊசியிலைகளின் மெத்தையன்றிப் பெரிதாக ஒன்றுமில்லை! பைனஸ் மத்திய அமெரிக்க, கரிபியன் பகுதிகளுக்குரிய மரம். கைவிடப்பட்ட தேயிலை நிலங்களை மூடுவதற்கு, விரைவில் வளருமென்று நட்டார்கள். அதன் ஊசிகள் எளிதில் மக்குவதில்லை. கோடையில் ஒரு தீப்பொறி போதும்.

சற்று அப்பால், வெட்டுண்ட மண்திட்டைக் கெக்கில்லப் பன்னம் பற்றிப் பிடித்திருந்தது. அதனருகே ஊதாப் பூவுடன் ஒரு சிறு செடி. இலையின் அடியிலிருந்து நுனிவரை நரம்புகள் நீள ஓடும், அதுவே அடையாளம். சிங்களத்தில் ஹீன் போவிட்டியா என்பர். இலங்கைக்கே உரியது. எனக்குக் காமாலை கண்டபோது அப்பாயி கஞ்சியிலிட்டுத் தந்த இலை அதுவே! பள்ளி விடுமுறையில் புல்லுவெட்டுக்குப் போய், அதே செடியைக் களையென்று வெட்டி எறிந்து சம்பளம் வாங்கியவனும் நானே.

2010ஆம் ஆண்டில் ஹந்தானை சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. வர்த்தமானி அறிவித்தல் செடியை முளைப்பிக்காது. ஆயினும் வழி இல்லாமலில்லை. 1990களில் எமது பல்கலைக்கழகப் பேராசிரியர்களான நிமல் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க ஆகியோர், வெளிநாட்டு ஆய்வாளருடன் சேர்ந்து, சிங்கராஜ வனத்தின் ஓரத்துப் பைனஸ் தோப்பில் சில வரிசைகளை வெட்டி வெளிச்சம் விட்டு, நம் நாட்டு மரக்கன்றுகளை நட்டுப் பார்த்தார்கள், அவை வளர்ந்தன.

சென்ற விடுமுறையில் அப்பாயியிடம் செடிப் பெயர்களைக் கேட்டு எழுதினேன். பதினேழு பெயர் சொன்னாள். ஐந்துக்குத்தான் செடி கண்டுபிடித்தேன். மற்றவற்றைக் காட்ட அவளால் இனி மலையேற முடியாது. உங்கள் வீட்டு முதியோரிடமும் கேளுங்கள். பெயரோடு ஓர் இலையையும் பழைய புத்தகத்துள் வைத்து அழுத்தி, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். நான் குறிப்பேட்டுடன் காத்திருப்பேன்.